பிலங்குஅன்: வேர் தமிழ், வால் தகாலோக்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தகாலோக் மொழியில் சிறைச்சாலைக்குப் 'பிலங்குஅன்' என்று பெயர். சிறையில் இருப்பவர் 'பிலங்கோ'. இரண்டிலும் முதல் எழுத்தைப் 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ஒலியோடு படியுங்கள். கொஞ்சம் காது கொடுத்தால் நமக்குத் தெரிந்த ஒரு சொல் உள்ளே கேட்கும்: விலங்கு. கைவிலங்கு, கால்விலங்கு என்கிறோமே, அந்த விலங்குதான்.

தமிழ்ச் சொல் ஒன்று மணிலா வரை போயிருக்கிறது என்பது கேட்க இனிமையான செய்தி. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. பிலங்குஅன் என்ற சொல்லில் வேர் மட்டுமே வெளியிலிருந்து வந்தது. அதன் கடைசியில் உள்ள 'அன்' தகாலோக்கின் சொந்தச் சரக்கு. கடன் வாங்கிய வேரும் சொந்த ஒட்டும் சேர்ந்து உருவான இப்படிப்பட்ட சொல்லைக் கலப்புச் சொல் என்கிறோம். ஒரு மொழி கடன் வாங்கிய சொல்லை எப்படித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மொழியியல் படிக்காதவர்களும் பின்தொடரலாம். நம் பள்ளி இலக்கணத்தில் படித்த குற்றியலுகரமும் ஆகுபெயரும் நினைவிருந்தால் போதும்.

முதலில் வால் பகுதியைப் பார்த்துவிடலாம்.

தகாலோக் ஒட்டுகளால் வாழும் மொழி. நம் மொழியிலும் ஒட்டுகள் உண்டு. ஆனால் நமக்கு அவை பெரும்பாலும் சொல்லின் பின்னால் மட்டும் வரும். தகாலோக்கில் முன்னால் வரும், பின்னால் வரும், நடுவிலும் புகும். 'அன்' பின்னால் வருவது. அதற்குப் பல வேலைகள் உண்டு. முக்கியமான ஒன்று, ஒரு செயலோ பொருளோ சேர்ந்திருக்கும் இடத்தைக் குறிப்பது. நம்முடைய ஆண்பால் விகுதியான அன்னுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. காயின் என்றால் உண். காயினன் என்றால் உண்ணும் இடம், சாப்பாட்டுக் கடை. அக்லத் என்றால் புத்தகம். அக்லத்தன் என்றால் நூலகம். ஆரல் என்றால் படிப்பு. முன்னால் 'பா', பின்னால் 'அன்' சேர்த்துப் பாஆரலன் என்றால் பள்ளிக்கூடம். அந்த வரிசையில்தான் பிலங்குஅன் வருகிறது. கைதிகள் இருக்கும் இடம் எதுவோ அது.

இந்த ஒட்டு வேர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. ஸ்பானிய மொழியில் கடைக்குத் 'தியெந்தா' என்று பெயர். அது தகாலோக்கில் 'திந்தா' ஆகி, விற்பனைப் பொருள் என்ற பொருளைப் பெற்றது. அதனோடு இடப்பெயர் ஒட்டைச் சேர்த்துத் 'திந்தாஹன்' என்று கடைக்குப் பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே கடை என்று பொருள்படும் சொல்லுக்கு மறுபடியும் இட ஒட்டு எதற்கு என்று தோன்றலாம். தகாலோக் பேசுபவருக்குத் 'தியெந்தா'வின் பழைய பொருள் பொருட்டில்லை. இடம் என்றால் 'அன்' வர வேண்டும், அவ்வளவுதான். இலக்கணத்தின் பிடி அவ்வளவு இறுக்கமானது.

இனி வேர்ப் பகுதி.

தமிழில் 'விலங்கு' என்ற சொல்லுக்கு மிருகம் என்றும் தளை என்றும் இரண்டு பொருள். இரண்டுக்கும் அடியில் இருப்பது குறுக்காக இருத்தல் என்ற கருத்து. சங்கப் பாடல்களில் குறுக்கே கிடக்கும் மலை 'விலங்குமலை'. மனிதரைப்போல் நிமிர்ந்து நிற்காமல் உடம்பு கிடைமட்டமாக இருக்க நடப்பது விலங்கு. கைக்கும் காலுக்கும் குறுக்கே கிடந்து தடுப்பதும் விலங்கு. மலையாளத்திலும் தளைக்கு 'விலங்ங்' என்ற சொல் உண்டு.

தளை என்ற பொருளுடைய விலங்கு மலாய் மொழிக்குப் போய்ப் 'பெலெங்கு' ஆனது. இன்றைய மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் கைவிலங்குக்கும் கால்விலங்குக்கும் அந்தப் பெயர் உண்டு. அங்கிருந்து தகாலோக்குக்குப் போய்ப் 'பிலங்கோ' ஆனது. தமிழிலிருந்து நேராக மணிலாவுக்குப் போகவில்லை. மலாய் வழியாகப் போயிற்று. இந்த இடைநிலையை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

நம் வகரம் ஏன் பகரமானது? மலாயின் பழைய சொற்களில் வ என்ற நம் ஒலிக்கு நிகராகப் ப வரிசையின் மென்மையான ஒலி நிற்பதைப் பல கடன்சொற்களில் காணலாம். நம் 'வகை' மலாயில் 'பகாய்' ஆயிற்று. ஒரே மாற்றம் இரண்டு சொல்லிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. சொல்லாராய்ச்சியில் இப்படி முறையாகத் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்துக்குத்தான் மதிப்பு. ஏதோ ஒரு சொல் காதுக்கு ஒத்து ஒலிக்கிறது என்பது மட்டும் சான்றாகாது.

உயிரொலிகளிலும் ஒரு மாற்றம். மலாய்ப் பெலெங்குவில் முதல் இரண்டு உயிரும் வாயை அதிகம் திறக்காமல் மங்கலாகச் சொல்லும் ஒலி. நாம் பேச்சில் 'அவன்' என்பதன் கடைசி உயிரை விழுங்கிச் சொல்கிறோமே, ஏறக்குறைய அப்படி. தகாலோக்கில் அந்த மங்கல் ஒலி கிடையாது. ஆகவே அது தன்னிடம் உள்ள இகரத்தையும் அகரத்தையும் போட்டு நிரப்பிக்கொண்டது. தற்செயலாக அது தமிழ் விலங்குவின் உயிர்களோடு மறுபடியும் ஒத்துப்போகிறது.

கடைசி உயிரைக் கவனியுங்கள். பிலங்கோ என்று ஓகாரத்தில் முடிகிறது. தமிழில் உகரம். இது பெரிய விலகல்போல் தெரியும், உண்மையில் இல்லை. ஸ்பானியர் வருவதற்கு முன் தகாலோக்கை எழுதிய 'பாய்பாயின்' எழுத்துமுறையில் உயிர்க் குறிகள் மூன்றே மூன்று. இ, எ இரண்டுக்கும் ஒரே குறி; உ, ஒ இரண்டுக்கும் ஒரே குறி. அன்றைய தகாலோக்கில் அவை தனித்தனி ஒலிகள் அல்ல, ஒரே ஒலியின் இரண்டு சாயல்கள். சொல்லின் கடைசி அசையில் அந்த ஒலி ஓகாரம்போல் திறந்து கேட்கும். மற்ற அசைகளில் உகரம்போல் கேட்கும். அந்தப் பழைய வழக்கம் இன்றைய எழுத்துக்கூட்டலிலும் தங்கிவிட்டது. பிலங்கோ என்று சொல் முடியும்போது ஓ. பின்னால் அன் வந்து சேர்ந்ததும் அந்த அசை கடைசி அசையாக இல்லாமல் போகிறது. உடனே அது உகரமாகிவிடுகிறது: பிலங்குஅன். தமிழ் வேரில் இருந்த உகரம் இப்படி ஒட்டுச் சேரும்போது வெளியே வருகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கே நம் இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலங்கு என்பதன் ஈற்றில் உள்ளது குற்றியலுகரம். உயிர் வந்தால் ஓடிவிடும். விலங்கு என்பதோடு ஆல் சேர்த்தால் விலங்கால். ஐ சேர்த்தால் விலங்கை. மலாய்க்காரர் காதில் அது முழு உகரமாக விழுந்து முழு உகரமாகவே பதிந்துவிட்டது. தகாலோக் அதை அப்படியே வாங்கியது. அதனால் உயிரில் தொடங்கும் ஒட்டு வந்தாலும் அங்கே உகரம் ஓடுவதில்லை, நிலைத்து நிற்கிறது. வேர் நம்முடையதாக இருக்கலாம். புணர்ச்சி விதி அவர்களுடையது.

நான் ஏன் 'பிலங்குவன்' என்று வகர உடம்படுமெய் போட்டு எழுதாமல் 'பிலங்குஅன்' என்று பிரித்து எழுதுகிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். தகாலோக்கில் பிலங்கோவின் கடைசியில், எழுத்தில் காட்டப்படாத ஓர் ஒலி இருக்கிறது. உயிரைச் சொல்லி முடித்ததும் தொண்டையில் காற்று சட்டென்று அடைபடும். மொழியியலில் இதைத் தொண்டையடைப்பொலி என்கிறார்கள். தமிழில் இது தனி எழுத்தல்ல. ஆனால் தகாலோக்கில் இது க, ச, த போல ஒரு முழு மெய்யொலி. பிலங்கோவின் இறுதியில் இது இருப்பதால், அன் வந்து சேரும்போது இரண்டு உயிர்களுக்கும் நடுவில் இது நின்றுகொள்கிறது. ஆகவே உடம்படுமெய் தேவைப்படுவதில்லை.

இந்த அடைப்பொலி இல்லாத சொற்களில் என்ன நடக்கும்? அப்போது ஹகரம் வந்து உட்காரும். மேலே பார்த்த திந்தாஹன் அப்படித்தான். இன்னும் அழகான எடுத்துக்காட்டு நம் மாங்காய். அது மலாயில் 'மங்கா' ஆகி, தகாலோக்கிலும் மங்காவாகவே இருக்கிறது. அங்கே பழத்துக்கும் மரத்துக்கும் அதுதான் பெயர். மாந்தோப்புக்கு 'மங்காஹன்'. மணிலாவை ஒட்டியுள்ள பாசிக் நகரில் மங்காஹன் என்றே ஒரு பகுதி இருக்கிறது. மரிகினா ஆற்றின் வெள்ளத்தை லகுனா ஏரிக்குத் திருப்பிவிட 1980களில் வெட்டிய கால்வாய்க்கும் அந்தப் பகுதியின் பெயர்தான். மழைக்காலத்தில் மணிலா செய்திகளில் அந்தப் பெயர் தவறாமல் வரும். மாங்காயும் விலங்கும் ஒரே பாதையில் ஒரே மொழிக்குப் போனவை. ஒன்று ஹன் வாங்கிக்கொண்டது, மற்றொன்று அன் வாங்கிக்கொண்டது. காரணம் அந்தத் தொண்டை அடைப்பு மட்டுமே.

மலாய்ப் பெலெங்குவில் இல்லாத அந்த அடைப்பு தகாலோக்கில் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். உயிரில் முடியும் மலாய்ச் சொற்கள் பல தகாலோக்குக்கு வரும்போது இதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆசிரியரைக் குறிக்கும் 'குரோ', முகத்தைக் குறிக்கும் 'முக்ஹா' இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து மலாய் வழியே வந்தவை. இரண்டுக்கும் இறுதியில் அடைப்பொலி உண்டு. ஆக, இதுவும் வந்த வழியைக் காட்டும் ஒரு தடயம்.

ஒலியை விட்டுப் பொருளுக்கு வருவோம். தமிழில் விலங்கு ஒரு பொருள், இரும்பில் செய்தது. மலாயிலும் அப்படியே. தகாலோக்கில் பிலங்கோ ஓர் ஆள். பூட்டப்பட்ட கருவியின் பெயர் பூட்டப்பட்டவருக்கு ஆகிவந்திருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று நம் இலக்கண நூல்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன. மொழி மாறும்போது ஆகுபெயர் நடந்துவிடுவது கடன்சொற்களில் மிகவும் சகஜம். சொல்லைக் கொடுத்த மொழியில் அதைச் சுற்றியிருந்த உறவுச் சொற்கள் கூடப் போவதில்லை. விலக்கு, விலகு, குறுக்கே விலங்கு என்பவை எதுவும் மணிலாவுக்குப் போகவில்லை. தனியாகப் போன சொல் எளிதில் பொருள் நகரும்.

அந்த நகர்வு ஒரே பாய்ச்சலில் நடக்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸின் நடுத் தீவுகளில் விசயா மொழிகள் பேசப்படுகின்றன. ஸ்பானியர் வந்த காலத்து விசயா சமூகத்தைப் பழைய அகராதிகளிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் மீட்டெடுத்து எழுதியவர் வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட். அவர் தரும் தகவல்படி அன்று பிலங்கோ என்பவர் கைதி அல்ல. 'டாத்து' எனப்பட்ட தலைவரின் காவல் அதிகாரி. ஆளைப் பிடித்து விலங்கு மாட்டுபவர். அவர் வீடுதான் சிறை. அந்த வீட்டின் பெயரை அவர் 'பிலங்கோவன்' என்று எழுதுகிறார்; நாம் பார்த்த பிலங்குஅன்தான் அது.

அரசுக் கட்டடம் இல்லை, மதில் இல்லை, கம்பிக் கதவு இல்லை. ஊர்க் காவலரின் வீட்டில் ஒருவரைக் கட்டி வைத்திருந்தால் அந்த வீட்டுக்குச் சிறை என்று பேர். இடத்தைக் குறிக்கும் அன் ஒட்டு அப்போது பிலங்கோவின் வீடு என்று பொருள் தந்தது. இன்று அதே ஒட்டு கைதிகள் இருக்கும் இடம் என்று பொருள் தருகிறது. நடுவில் உள்ள ஆள் மாறிவிட்டார்; சொல்லின் அமைப்பு மாறவில்லை. பூட்டுபவரும் பூட்டப்படுபவரும் ஒரே விலங்கின் இரண்டு பக்கம் என்பதால் பெயர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது கடினமாக இருந்திருக்காது. இன்றைய செபுவானோ உள்ளிட்ட விசயா மொழிகளிலும் பிலங்கோ கைதிதான்.

இந்தச் சொற்கள் எந்த வழியாகப் போயிருக்கும்? தென்கிழக்காசியத் துறைமுகங்களில் நெடுங்காலம் பொது மொழியாக இருந்தது மலாய். வியாபாரம் செய்பவர் யாராக இருந்தாலும் மலாய் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துறைமுகங்களில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே செல்வாக்கான தமிழ் வணிகர் கூட்டம் ஒன்று இருந்தது.

மலாய்க்கும் பிலிப்பைன்ஸுக்கும் இருந்த உறவுக்கு இரண்டு சான்று போதும். 1989இல் லகுனா மாகாணத்தில் ஆற்று மணலிலிருந்து ஒரு செப்பேடு கிடைத்தது. பிலிப்பைன்ஸில் கிடைத்த காலம் குறித்த ஆவணங்களில் இதுவே மிகப் பழையது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. எழுத்து ஜாவாவின் காவி எழுத்து. மொழி பெரும்பாலும் பழைய மலாய். அதன் தொடக்க வரியில் வைசாக மாதம், சதுர்த்தி, கிருஷ்ண பட்சம், சோமவாரம் என்று நாள் குறித்திருக்கிறது. நம் ஊர்ப் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு அந்த வரியை விளக்கவே வேண்டாம். செய்தி என்ன? நம்வரன் என்பவரின் 1 கட்டி 8 சுவர்ணம் (இரண்டும் எடை அளவுகள்) பொன் கடன் தீர்ந்துவிட்டது. அவருடைய வாரிசுகள் இனி அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். நாட்டின் முதல் ஆவணமே ஒரு குடும்பத்தைக் கட்டிலிருந்து விடுவிக்கும் பத்திரம்.

இரண்டாவது சான்று 1521ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மெகல்லனின் கப்பலில் மலாக்காவில் வாங்கப்பட்ட என்ரிக்கே என்ற அடிமை இருந்தார். விசயா தீவுகளை அடைந்தபோது அவர் மலாயில் பேச, உள்ளூர்த் தலைவர் புரிந்துகொண்டார் என்று உடன் பயணம் செய்த பிகஃபெட்டா எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டு கழித்து ஸ்பானியர் மணிலாவைக் கைப்பற்றியபோது அங்கே ஆண்ட ராஜாக்கள் புருனை அரச குடும்பத்தோடு உறவுடையவர்கள். மணிலாவின் மேல்தட்டில் மலாய்ச் சொற்கள் நிறைந்திருந்ததில் வியப்பில்லை. காவல், தண்டனை, வணிகம் பற்றிய சொற்கள் இப்படி மேலிருந்து கீழே இறங்கி வந்திருக்கின்றன.

மறுபடியும் இலக்கணத்துக்கு வருகிறேன். ஒரு சொல் முழுமையாக உள்ளூர்ச் சொல் ஆகிவிட்டதா என்று பார்க்க, அதை வினையாக்கிப் பார்க்க வேண்டும். தகாலோக்கில் வினை செய்யும் விதம் நம்மவருக்கு மலைப்பாக இருக்கும். ஒட்டு வேருக்குள்ளேயே நுழைந்துவிடும். காயின் (உண்) என்பதன் முதல் மெய்க்கும் உயிருக்கும் நடுவே 'உம்' புகுந்தால் குமாயின்: உண்டார். அதே இடத்தில் 'இன்' புகுந்தால் கினாயின்: உண்ணப்பட்டது. தமிழில் இப்படி ஒரு வேரைப் பிளந்து உள்ளே ஒட்டு வைக்கும் முறை கிடையாது.

இப்போது பிலங்கோ. முன்னால் 'இ' சேர்த்தால் சிறையில் அடைப்பது என்ற வினை. அது நடந்து முடிந்துவிட்டது என்றால் உள்ளே 'இன்' புக வேண்டும்: இபினிலங்கோ. அடைத்துவிட்டார்கள். நடந்துகொண்டிருக்கிறது என்றால் முதல் அசையையும் இரட்டிக்க வேண்டும்: இபினிபிலங்கோ. இனிமேல்தான் என்றால் இன் வேண்டாம், இரட்டிப்பு மட்டும் போதும்: இபிபிலங்கோ. அடைபட்டார் என்று பட்டவர் பக்கமிருந்து சொல்ல நபிலங்கோ. சிறைவாசம் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பாக்காபிலங்கோ.

இபினிலங்கோவை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். இ, ப், இன், இலங்கோ. நம் விலங்குவின் முதல் மெய்யை ஒரு பக்கமும் மீதியை இன்னொரு பக்கமும் தள்ளி, நடுவில் தகாலோக் தன் ஒட்டை வைத்திருக்கிறது. இதற்குப் பிறகு அது தமிழ்ச் சொல் என்று உரிமை கொண்டாட என்ன இருக்கிறது? வேர் எங்கே முளைத்தது என்பது வரலாறு. சொல் இன்று யாருடையது என்பதை அதன் மேல் ஏறும் ஒட்டுகள் சொல்லிவிடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிச் சொற்களைக் காட்டித் தகாலோக் தமிழிலிருந்து பிறந்தது என்று பகிர்பவர்கள் உண்டு. அது தவறு. தகாலோக் ஆஸ்திரனேசியக் குடும்பத்து மொழி. மலாயும் ஹவாய்த் தீவுகளின் மொழியும் மடகாஸ்கரின் மலகாசியும் அதன் உறவுகள். அதன் எண்ணுப் பெயர்கள், உடல் உறுப்புப் பெயர்கள், வினை அமைப்பு எல்லாம் அந்தக் குடும்பத்தின் சொத்து. தமிழிலிருந்து மலாய் வழியாக அதற்குக் கிடைத்தவை சில சொற்கள். கடன் கொடுத்தவர் தாய் ஆகிவிட மாட்டார். உள்ளது உள்ளபடி சொன்னாலே நம் மொழியின் கடல்வழிப் பயணம் போதுமான அளவு பெருமைக்குரியது. பெரிதாக்கிச் சொன்னால் உண்மையான பகுதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தகாலோக்கில் 'பிலங்' என்று ஒரு சொல் உண்டு. எண்ணுதல், எண்ணிக்கை என்று பொருள். சிறையில் கைதிகளை எண்ணுவார்கள். ஆகவே எண்ணப்படுபவர் பிலங்கோ என்று யாராவது சொன்னால் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் 'கோ' என்று ஒரு பின்னொட்டு தகாலோக்கில் கிடையாது. சொல்லைப் பிரித்தால் மீதி நிற்கும் துண்டுக்கு அந்த மொழியில் வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் வெட்டிய இடம் தவறு. மேலும் தகாலோக்கின் சொந்த வேர்கள் பெரும்பாலும் ஈரசை கொண்டவை. பிலங்கோ மூன்று அசை. மலாயில் பெலெங்குவும் மூன்றசை, அங்கேயும் அதற்கு உறவுச் சொற்கள் இல்லை. தமிழில்தான் விலங்குவுக்கு வேரும் கிளையும் இருக்கின்றன. ஒரு சொல்லின் சொந்தபந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அங்கே தேடுவது நல்ல வழி.

வேர் அந்நியம், ஒட்டு சொந்தம் என்பது ஒரு வகைக் கலப்பு மட்டுமே. தலைகீழாகவும் நடக்கும். தகாலோக்கில் பெண்ணுக்குப் 'பாபாயெ'. அதனோடு ஸ்பானிய மொழியின் 'எரோ' என்ற ஒட்டைச் சேர்த்துப் 'பாபாயெரோ' என்றால் பெண் பித்தர். சேவல் சண்டைக்குச் 'சாபோங்'. அதே ஒட்டுடன் 'சாபுஙெரோ' என்றால் சேவல் சண்டைக்காரர். அங்கேயும் ஓ என்பது உ ஆகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு மொழி அந்நிய வேரை வாங்குவது எளிது. அந்நிய ஒட்டை வாங்கித் தன் சொற்களில் மாட்டுவது அரிது. மூன்று நூற்றாண்டுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை இந்தச் சின்ன எரோ காட்டுகிறது.

இரண்டு வேர்களே நேராகச் சேர்வதும் உண்டு. அறிவியலுக்கு 'அக்ஹம்' என்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஆகமம் என்ற சமஸ்கிருதச் சொல்தான் அதன் மூலம். 'தாஓ' என்றால் மனிதர், இது சொந்த வேர். இரண்டையும் சேர்த்த 'அக்ஹம்தாஓ' மானிடவியலின் பெயர்.

வகை என்ற நம் சொல் மலாயில் பகாய் ஆனது என்று மேலே சொன்னேன். தகாலோக்கிலும் அது பகாய்தான். அங்கே இரண்டு பொருள்: ஒன்று, பொருள் அல்லது விஷயம், மற்றொன்று, பொருத்தம். ஒருவர் உடுத்தியிருக்கும் உடை எடுப்பாக இருந்தால் 'பகாய்' என்று பாராட்டுவார்கள். ஜோடிப் பொருத்தம் நன்றாக இருந்தாலும் அதே சொல். முன்னால் இ சேர்த்து 'இபகாய்' என்றால் ஏற்றபடி மாற்றியமைத்துக்கொள். நாமும் 'வகையாய் அமைந்தது' என்கிறோம்.

பிலங்கோவின் இன்றைய நிலை என்ன? பேச்சு வழக்கில் சிறைக்குக் 'குலுஙன்' என்பார்கள். கைதிக்கு ஸ்பானியச் சொல்லான 'பிரெசோ'வும் உண்டு. அரசு அதிகாரிகள் இப்போது சுதந்திரம் பறிக்கப்பட்டவர் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கிப் பி.டி.எல். என்கிறார்கள். பிலங்கோவும் பிலங்குஅனும் செய்தித்தாளிலும் நீதிமன்றத்திலும் எழுத்து வழக்கிலும் நிலைத்திருக்கின்றன. ஆயுள் தண்டனைக்கு 'ஹபம்புஹாய் நா பாக்காபிலங்கோ' என்கிறார்கள். ஹபம்புஹாய் என்றால் உயிர் உள்ளவரை. நா என்பது அடையையும் பெயரையும் இணைக்கும் சொல். எல்லாம் சொந்தச் சரக்கு, வேர் ஒன்றைத் தவிர.

அந்த இணைப்புச் சொல், எழுத்தில் உயிரில் முடியும் சொல்லுக்குப் பின்னால் வந்தால் 'ங்' என்று சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; பிலங்கோபோல் இறுதியில் தொண்டையடைப்பொலி இருந்தாலும் அப்படித்தான். அரசியல் கைதியைக் குறிக்கும் 'பிலங்கோங் புலிட்டிகல்' என்ற தொடரில் அதைப் பார்க்கலாம். 1972இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பிறகு பல்லாயிரம் பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். சுமார் 70,000 பேர் சிறைப்பட்டதாக அம்னஸ்டி இன்டர்நேஷனல் கணக்கிட்டது. அவர்களை விடுவிக்கக் கேட்டவர்களின் முழக்கங்களில் இடம்பிடித்த தொடர் இது. இன்றும் மணிலாவில் மனித உரிமை அமைப்புகளின் பதாகைகளில் காணலாம். பிலங்கோ என்ற வேர் தமிழிலிருந்து மலாய் வழியே வந்தது. புலிட்டிகல் என்பது ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ங் என்ற ஒற்றை மெய் மட்டும்தான் அந்தத் தொடரில் தகாலோக்கின் சொந்தம். அது இல்லாவிட்டால் இரண்டு சொற்களும் ஒரு தொடராக நிற்காது.